ஆயிரத்து அறுநூறு மீட்டரில் ஒரு கோபுரம்

எங்கள் பழைய அலுவலகத்தின் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று போன மாதம் செய்தி வந்தது. இனி யாரும் மேலே ஏறி நின்று வானத்தைப் பார்க்க வேண்டாமாம். ஓடுபாதை ஓரத்தில் நட்டிருக்கும் கருவிகளே பார்த்து, அளந்து, அனுப்பிவிடுமாம். செய்தி சொன்ன ஜூனியர்கள் கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். "சார், அலுவலக மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீங்க எழுதினா சிரிப்பா இருக்கும்."

சிரிப்பாக இருக்கட்டும் என்றுதான் நானும் பேனாவை எடுத்தேன். இருபத்தெட்டு வருடம் அந்த அலுவலகத்தைச் சிரிக்க வைத்தவன் நான். விருப்ப ஓய்வு வாங்கிய அன்றுகூட, "எனக்குப் பதில் வரும் கருவிக்கு டீ குடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். எழுத உட்கார்ந்தால் வேறு ஒன்று வந்து நிற்கிறது. வந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

நான் வேலை பார்த்தது கடலோர விமான நிலையம் ஒன்றில். பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. புதுக்கடையில் என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம். உத்தியோகம், வானிலை நோக்கர். ஊரில் இதைச் சொன்னால், "அதுக்குச் சம்பளம் வேற தாறானுவளா?" என்று கேட்பார்கள்.

விமானம் ஓட்டுகிறவருக்கு மேலே போனதும் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குத் தெரிவது கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற மேகம் மட்டும். இறங்க வேண்டிய ஊரில் மழையா, மூடுபனியா, காற்று எந்தத் திக்கு என்பதை அங்கே நிற்கும் ஒருத்தன்தான் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தன் நான்.

புறப்படும் முன் கேப்டன்கள் எங்கள் கவுண்டருக்கு நேரில் வருவார்கள். அவர்களுக்காக ஒரு கோப்பு தயாராக இருக்கும். போகிற ஊரின் முன்னறிவிப்பு, அங்கே இறங்க முடியாமல் போனால் ஒதுங்க வேண்டிய மாற்று ஊரின் முன்னறிவிப்பு, மேல்காற்று வரைபடம், வழியில் இடிமேகம் கிடக்கும் இடங்கள். நின்ற நிலையிலேயே புரட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்பது அந்தப் புரட்டலில்தான் முடிவாகும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது எல்லாம் கையிலிருக்கும் டேப்லெட்டில் வந்துவிடுகிறது. கவுண்டரில் மணிப்ளாண்ட் வைத்திருக்கிறார்களாம்.

பறந்துகொண்டிருக்கும்போது அவர்களுக்குக் கிடைப்பது அரை மணிக்கு ஒருமுறை நாங்கள் அனுப்பும் அறிக்கை. ஒலிப்பதிவாக ரேடியோவில் ஓடும். பெரிய விமானங்களில் சின்னக் காகிதத்தில் அச்சாகியும் வரும், பஸ் டிக்கெட் மாதிரி. வானிலை திடீரென்று மாறினால் அரை மணிக்குக் காத்திருக்காமல் சிறப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் உள்ள எண்களில் ஒன்றுதான் பார்வைத் தூரம். அதாவது, தரையில் நிற்கிறவனுக்கு எத்தனை மீட்டர் வரை தெரிகிறது என்பது.

அதை எப்படி அளப்போம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாடிச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். காற்றின் திக்கைக் காட்டும் காற்றுப்பை, நானூறு மீட்டர். தண்ணீர்த் தொட்டி, ஆயிரத்து இருநூறு. சர்ச் கோபுரம், ஆயிரத்து அறுநூறு. செங்கல்சூளைப் புகைபோக்கி, இரண்டாயிரத்து ஐந்நூறு. அதற்கப்பால் மலை. மேலே ஏறி நின்று, எது வரை தெரிகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். இரண்டு அடையாளங்களுக்கு இடைப்பட்டதைக் கண் மதிப்பில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் வைகுண்டமணி சார். நெற்றியில் வெள்ளைத் திருநாமம், ஒரு சுருக்கம் விழாத சட்டை, சத்தமே இல்லாத செருப்பு. அய்யாவழிக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் திட்டு விழும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வே செல்வின், கண்டீரா, நினைச்சீரா?"

"கண்டேன் சார்" என்றால் கையெழுத்து. கொஞ்சம் இழுத்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, மாடிப்படியைக் கண்ணால் காட்டுவார்.

இனி என் பதற்றத்தைப் பற்றி. அது என் கூடப்பிறந்தது. பரீட்சைக்குப் போனால் எனக்கு முன்னால் என் வயிறு போய்விடும். பயிற்சிக் காலம் முழுவதையும் கழிப்பறை வாசலில் கழித்தேன் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். பதற்றத்தை மறைக்கத்தான் பகடி. கை நடுங்கும்போது வாய் ஜோக் சொல்லும். பார்க்கிறவர்கள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

முதல் கூத்து இது. ஓர் ஆனி மாத மழை. பத்து நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மேற்குக் காற்று பலமாக அடித்ததால் விமானங்கள் ஓடுபாதையின் மறுமுனை வழியாக இறங்க வேண்டியிருந்தது. அந்த முனையில் விமானத்தைக் கைபிடித்து இறக்கிவிடும் கருவி கிடையாது. கேப்டன் தன் கண்ணால் பாதையைக் கண்டாக வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தெரிகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் குறைந்தாலும் அவர் இறங்க முயலவே கூடாது. நான் மாடிக்கு ஏறினேன். குடை திரும்பிக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர். வழக்கமான திக்கில் பார்த்தேன். சர்ச் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது. ஆயிரத்து அறுநூறு என்று எழுதினேன். அன்று வைகுண்டமணி சார் மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

விமானம் கீழே வந்தது. ஒன்றும் தெரியாமல் மேலே போனது. மறுபடி வந்தது, போனது. மூன்றாம் முறை மழை விட்ட இடைவெளியில் இறங்கியது. கால் மணி நேரத்தில் கேப்டன் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். நனைந்திருந்தார். நிதானமாகத்தான் கேட்டார்.

"எதை வைத்து ஆயிரத்து அறுநூறு?"

"கோபுரம் சார்."

"எந்தக் கோபுரம்?"

மேலே கூட்டிப்போனேன். மழை சுத்தமாக விட்டிருந்தது. கையை நீட்டினேன். நீட்டிய திக்கில் வானம் இருந்தது. வானத்துக்குக் கீழே ஒரு ஜேசிபி இருந்தது. புதிய ஆலயம் கட்டுவதற்காகப் பழைய கோபுரத்தை என் லீவின்போது இடித்துவிட்டார்களாம். கேப்டன் ஜேசிபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே போய்த் திரும்பும் பயணத்துக்கான கோப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பொய் சொன்னேனா என்றால், இல்லை. பதினைந்து வருடம் ஒரே திக்கில் பார்த்த கண், இல்லாத கோபுரத்தையும் கட்டி நிறுத்திவிட்டது.

வைகுண்டமணி சார் திட்டுவார் என்று காதைக் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. அடுத்த ஓய்வுநாளில் என்னைக் கூட்டிக்கொண்டு அட்டவணையிலுள்ள ஒவ்வோர் அடையாளத்துக்கும் நடந்தே போனார். தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, "தொடும்" என்றார். தொட்டேன். சூளைக்காரர் எங்களைச் செங்கல் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து விலை சொன்னார். கோபுரம் இருந்த இடத்தில் அஸ்திவாரக் குழி. அதன் கரையில் நின்று, "இத இனி தொட முடியாது. அட்டவணையில அடிச்சிரும்" என்றார். என்னை அதோடு விட்டார். நான்தான் என்னை விடவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பிடி குறைத்து எழுதுவது. மூவாயிரம் தெரிந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு. யாருக்கும் நஷ்டமில்லை, பத்திரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவு குறைந்தால் கேப்டன் மாடிப்படி ஏறி வர மாட்டார். அதுதான் உண்மையான காரணம். ஜோக்குகளை மட்டும் குறைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் புதிய கோபுரம் எழும்பியது. பழையதைவிட உயரம், உச்சியில் பெரிய சிலுவை. மறுபடி அட்டவணையில் ஏறியது. நானே நடந்து போய்த் தொட்டுவிட்டும் வந்தேன்.

அடுத்த ஆனியில் எசேக்கியேல் மாமா இறந்துபோனார். புதுக்கடையில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. அவர் மகன் ஜெரால்டு என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், துபாயில் வேலை. பாஸ்போர்ட் கம்பெனியில் மாட்டிக்கொண்டதால் புறப்படவே நான்கு நாள் ஆகிவிட்டது. மாமாவை ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் முகம் பார்த்த பிறகு புதன்கிழமை இரண்டு மணிக்கு அடக்கம் என்று முடிவானது. விமானம் காலை ஆறே முக்காலுக்கு இறங்கும். அன்று காலை டியூட்டி எனக்கு.

முந்தின நாள் சாயங்காலம் ஜெரால்டு கூப்பிட்டான்.

"ஏலே செல்வின், அங்க மழை உண்டா? பிளெயின் எறங்குமா?"

"நான் இருக்கேன்லா மக்கா. மேகத்த எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன். நீ வா."

"அப்பாவுக்க முகத்தக் கண்டாப் போதும்லே."

"காண்பே."

காலை ஆறு மணிக்கு மழை கொட்டியது. அதே மேற்குக் காற்று, அதே மறுமுனை, அதே ஆயிரத்து ஐந்நூறு. ஆறரை அறிக்கையில் எண்ணூறு என்று எழுதினேன், அது நிஜம். விமானம் மேலே வட்டமடிக்கத் தொடங்கியது. ஆறே முக்காலுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து போன். "கேப்டன் கேட்கிறார். ஏதாவது முன்னேற்றம் உண்டா?"

மாடிக்கு ஓடினேன். மழை மெலிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவி வைத்ததுபோல் நின்றது. அதற்குப் பின்னால், சாம்பல் நிறத்துக்குள், ஒரு சிலுவை. அதன் கீழே கோபுரத்தின் தோள்.

கண்டீரா, நினைச்சீரா?

அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். என் நண்பன் அந்த விமானத்தில் இருக்கிறான். கூட நூற்றுச் சொச்சம் பேர். இந்தக் கண் ஏற்கெனவே ஒரு தடவை இல்லாத கோபுரத்தைக் காட்டிய கண். கீழே வந்து ஆயிரத்து இருநூறு என்றேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். இனியும் சுற்றினால் கொச்சிக்கு ஒதுங்க எரிபொருள் போதாது, இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேப்டன் கேட்கிறார். ஏறினேன். இப்போது கோபுரத்தின் ஜன்னல் வளைவுகூடத் தெரிந்தது. நினைப்பு ஜன்னல் வளைவு வரைக்கும் கட்டுமா? கட்டாது. அது எனக்குத் தெரியும். இருந்தும் கை என்ன எழுதியது தெரியுமா? ஆயிரத்து நானூறு. ஆயிரத்து ஐந்நூறு எழுதினால் கேப்டன் இறங்குவார். எது நடந்தாலும் என் பொறுப்பு. ஆயிரத்து நானூறு எழுதினால் மழையின் பொறுப்பு.

கேப்டன் நன்றி சொல்லிவிட்டுக் கொச்சிக்குத் திரும்பினார். நான்கு நிமிடம் கழித்துச் சூளைப் புகைபோக்கி தெரிந்தது. அதற்கும் கொஞ்ச நேரத்தில் மலை.

நூறு மீட்டர். என் வீட்டு வாசலிலிருந்து எங்கள் சர்ச்சுக்கு உள்ள தூரம்.

எட்டு மணிக்கு வைகுண்டமணி சார் வந்தார். பதிவேட்டை எடுத்து, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நானூறு, மூவாயிரம் என்று விரலை வைத்து இறங்கினார். விரல் ஆயிரத்து நானூறில் நின்றது.

"கோபுரத்தக் கண்டீரா?"

"கண்டேன் சார்."

"பெறவு?"

"நினைப்பா இருக்குமோன்னு பயந்துட்டேன் சார்."

குரல் இறங்கியது. காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. "வே, பயப்படதுக்கு கேப்டனுக்குப் படிச்சுக் குடுத்துதான் விட்டிருக்கு. மேகம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உள்ள எத்தன பேருன்னு எல்லாப் பயமும் அவருகிட்ட உண்டு. உம்மகிட்ட அவரு கேட்டது கண்ணு. நீரு பயத்தக் குடுத்து விட்டிருக்கீரு."

"அடிச்சுட்டுச் சரியா எழுதிரவா சார்?"

பதிவேட்டில் தவறை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. அவர் பதிவேட்டை மூடினார்.

"பிளெயின் போயிட்டுல்லா."

பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. மாமா வீட்டு முற்றத்தில் பந்தல். என்னைக் கண்டதும் ஜெரால்டின் தங்கை ஷீபா எழுந்து வந்தாள்.

"அண்ணே, நீங்க ஆபீஸ்லதானே இருந்தீய? ஏன் எறங்கல்ல?"

"மழை மோளே" என்றேன். எனக்கு மேலே வானம் நீலமாக இருந்தது.

கொச்சியில் இறங்கி டாக்ஸி பிடித்து ஜெரால்டு வந்துகொண்டிருந்தான். இரண்டு மணி அடக்கம் மூன்று ஆனது. கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது; மூன்று தடவை இறைத்துவிட்டார்கள். போதகரும் காத்திருந்தார். மூன்றரைக்கு ஜெரால்டு போனில் வந்தான்: நெய்யாற்றின்கரை தாண்டிவிட்டது, மார்த்தாண்டத்தில் வண்டி மாட்டாவிட்டால் ஒரு மணி நேரம். அந்த நேரம் பார்த்து மேற்கே ஒரு மேகம் கறுத்தது. மாமாவின் தம்பி தாசையன் சித்தப்பாதான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தவர். அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஏலே செல்வின், நீ வானம் பாக்குத ஆளுல்லா. இன்னொரு மழை வந்தா குழி இடிஞ்சிரும். நாலரை வர மழை வராம இருக்குமா? நீ சொன்னா நிறுத்தி வைக்கேன்."

நான் அந்த மேகத்தைப் பார்த்தேன். உயரத்தில் இருந்தது, அடியில் மழைத்தாரை இல்லை, காற்று அதை வடக்கே தள்ளிக்கொண்டிருந்தது. இருபது வருடம் பார்த்த கண் சொன்னது, வராது. வாய் திறந்தேன்.

"வரலாம் சித்தப்பா."

அதைவிடக் கோழையான சொல்லை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. வந்தாலும் தப்பிக்கலாம், வராவிட்டாலும் தப்பிக்கலாம். சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போனார். "எடுங்கடே" என்று அவர் சொல்வது கேட்டது. ஷீபா, "அண்ணன் வந்துட்டிருக்கான், ஒரு மணிக்கூரு, ஒரே ஒரு மணிக்கூரு" என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பெண்கள் சேர்ந்து விலக்கினார்கள்.

நாலே காலுக்கு மண் மூடியாயிற்று. நாலு முப்பத்தைந்துக்கு டாக்ஸி வந்தது. ஒரு துளி மழை இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாலுள்ள ரப்பர் மரங்களின் இலையில் வெயில் மின்னியது.

ஜெரால்டு ஷூவோடு ஈர மண்ணில் நின்றான். ஒரு பிடி எடுத்துப் போட்டான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"மேகத்த ஒதுக்கி வைக்கேன்னு சொன்னியேலே."

சிரிக்கத்தான் முயன்றான். பதிலுக்கு ஒரு ஜோக் சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவனே என் தோளில் தட்டினான். "போட்டு மக்கா. பைலட்டு நல்ல மனுசன். எங்கள உயிரோட கொண்டு விட்டாருல்லா."

அதன் பிறகும் சில வருடம் அதே மாடியில் ஏறினேன். கண்டதைக் கண்டபடி எழுதினேன், ஒரு பிடி கூட்டாமல், ஒரு பிடி குறைக்காமல். நல்ல நோக்கர் என்று வைகுண்டமணி சார் ஓய்வு பெறும்போது எழுதிக்கூட வைத்தார். நல்ல நோக்கராக நான் ஆவதற்கு எசேக்கியேல் மாமாவின் முகம் செலவானது என்பது அந்தத் தாளில் இல்லை.

ஜெரால்டு இப்போதும் ஊருக்கு வருகிறபோதெல்லாம் விமானம் ஏறும் முன் என்னைக் கூப்பிடுவான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான். "ஏலே, மழை உண்டா?" என்பான். நான் என் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்துச் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொள்வோம். இத்தனை வருடமும் அந்தச் சிரிப்புக்குக் கீழேதான் அன்று செய்ததை ஒளித்து வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதி வைத்திருந்தபோது, நேற்று மறுபடி கூப்பிட்டான். அச்சில் வந்து அவன் படிப்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது. வயிறு வழக்கம்போல் முன்னால் ஓடியது.

"ஏலே, மழை உண்டா?"

"ஜெரால்டு, அது இருக்கட்டு. அன்னைக்கு நான் அந்தக் கோபுரத்தக் கண்டேன்டே."

"எந்தக் கோபுரம்?"

சொன்னேன். சிலுவையைச் சொன்னேன், ஜன்னல் வளைவைச் சொன்னேன், ஆயிரத்து நானூறைச் சொன்னேன். சித்தப்பா கேட்டதையும், நான் "வரலாம்" என்றதையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் வைக்கவில்லை. மறுபக்கம் விமான நிலைய இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரையோ கடைசி அழைப்பு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"செரி" என்றான் கடைசியில். "இப்ப மழை உண்டா இல்லியா, அதச் சொல்லு."

நான் மாடிக்கு ஏறினேன்.